மேல் என்றால் மேற்கு

என்னைக் கல்லைக் கலந்தவள் என்று சொன்னவர்களில் பாதிப்பேர் இப்போது உயிரோடு இல்லை. மிச்சப்பேர் கோயில் வீதியில் கண்டால் இன்றைக்கும் வாய்க்குள் சிரிப்பார்கள். நான் ஒரு கல்லையும் கலக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், ஒவ்வொரு எழுத்தாய்த்தான் எழுதுவேன். கெதியாய் வாசிக்கிறவர்கள் தாளில் இல்லாததையும் சேர்த்து வாசித்துவிடுவார்கள். நான் இருப்பதை மட்டும் வாசிப்பேன்.

வெள்ளைக்காரனின் நேவி திருகோணமலையை விட்டுப் போகும்வரைக்கும் அவர்களுடைய சலவைக்கூடத்தில் வேலை செய்தனான். தோய்க்கிற வேலை இல்லை, பிரிக்கிற வேலை. ஒவ்வொரு சட்டைக் கழுத்திலும் சிவப்பு நூலால் ஒரு குறி இருக்கும். அதைப் பார்த்து ஆளாளுக்கு அடுக்க வேண்டும். இங்கிலீசு எழுத்து எனக்குத் தெரியாது. குறியின் வடிவத்தை மனதில் வைத்திருப்பேன். ஒரு கப்பல் நிறைய ஆட்களின் உடுப்பு என் கையால் போகும். ஒருவனுடைய சட்டை இன்னொருவனுக்குப் போனதென்று ஒரு முறைப்பாடு வந்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கலந்துபோட்டாள் என்ற சொல் என்னை எப்படிச் சுட்டதென்று வாசிக்கிறவர்களுக்கு விளங்க வேண்டும்.

மட்டக்களப்பில் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருசம், கடலை ஆராய்கிற கப்பல் ஒன்று துறைமுகத்துக்குள் வந்து நின்றது. யந்திரம் பழுது, ஒரு மாதம் நிற்கும் என்றார்கள். அதில் வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் கரையில் பழைய ஸ்டோர் ஒன்றை எடுத்துக் கல்லை இறக்கினார். சாக்குச் சாக்காய்க் கல். உப்பும் சேறும் போகக் கழுவி, காயவைத்து, பையில் போட்டு அட்டை கட்ட ஒரு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். எடுத்துக்கொண்டார்கள்.

துரைக்குத் தமிழ் தெரியாது. அவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கிளாக்கர் இருந்தார். டவுன் ஆள், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனை. முதல் நாள், "தம்பி, தண்ணி எங்க எடுக்கிறது?" என்று கேட்டேன்.

"தம்பி கிம்பி எண்டு கூப்பிடப்படாது. கந்தோரில ஐயா."

"கந்தோர் எங்க இருக்கு ஐயா? எனக்கு ஸ்டோர்தான் தெரியுது."

கந்தோர் என்று அவர் சொன்ன ஆபீஸ், ஸ்டோர் மூலையில் கிடந்த ஒரு மேசைதான். தண்ணீர்க் குழாயை அவர் காட்டவில்லை. நானே தேடிக் கண்டுபிடித்தேன்.

கல்லில் இரண்டு சாதி. ஒன்று கரும்பச்சை, நனைந்தால் விரல் வழுக்கும், பாம்புத் தோல் மாதிரி வரி ஓடும். மற்றது கறுப்பு. கைக்குப் பாரம், வெயிலில் பிடித்தால் மினுங்கும், சிலதில் மாதுளை விதை மாதிரிச் சிவப்புப் பொட்டு. பச்சைக் கல்லுக்குத் துரை வைத்திருந்த பேரில் முதல் பாதிக்குப் பாம்பு என்று பொருள் என்று கிளாக்கர் சொன்னார். அது எப்படியோ எங்கள் ஒழுங்கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அங்கால் நின்று கேட்டாள்.

"அக்கா, உங்கட ஸ்டோரில பாம்புக்கல்லு இருக்காமே. ஒரு துண்டு தாங்கோவன், கடிவாயில வைக்க."

"அதை வைச்சால் பாம்புதான் பிழைக்கும். போடி உள்ள."

அப்போது என்னோடு சிரித்துப் பேசினவள்தான். பிறகு என்ன சொன்னாள் என்று சொல்கிறேன்.

ஒருநாள் தேத்தண்ணி நேரம் கிளாக்கரிடம் கேட்டேன், இந்தக் கல்லைக் கழுவிக் கழுவித் துரை என்னத்தைக் காணப்போகிறார் என்று. அவர் அதை ஏதோ பகிடி மாதிரித் துரைக்குச் சொன்னார். துரைக்கு அது பகிடியாகப் படவில்லை. தட்டிலிருந்த பாண் ரொட்டித் துண்டுகளை எடுத்து மேசையில் வைத்துக் காட்டத் தொடங்கினார். கிளாக்கர் வேண்டாவெறுப்பாய்த் தமிழில் சொன்னார்.

கடலுக்கு அடியில் இருப்பதும் கல்தானாம். அந்தக் கல்தரை ஒரு இடத்தில் உடைந்து, ஒரு பக்கம் மற்றப் பக்கத்துக்கு அடியில் சறுக்கிப் பூமிக்குள் இறங்குமாம். எங்கள் கடலுக்குக் கிழக்கே, தீவுகள் இருக்கிற பக்கம், இன்றைக்கும் இறங்கிக்கொண்டிருக்கிறதாம். அங்கே நிலம் நடுங்குவது அதனால்தானாம். இறங்குவது எல்லாருக்கும் தெரியும். முதன்முதல் எந்த இடத்தில் உடைந்தது, எப்படித் தொடங்கியது என்பதுதான் ஒருவருக்கும் பிடிபடவில்லை. தொடங்கின இடத்தை அதுவே விழுங்கிவிடுகிறது. ஆனால் சில இடத்தில் இறங்காமல் மேலே நிற்கிற தரையில் ஒரு துண்டு தப்பி, நிலத்தில் ஏறிக் கிடக்குமாம். அதுதான் பச்சைக் கல்.

"அப்ப கறுப்புக் கல்லு?" என்றேன்.

சறுக்கத் தொடங்கின காலத்தில் மேலே இருந்த கல் இன்னும் நெருப்பாய் இருந்ததாம். அடியில் போன குளிர்ந்த தரையின் தோல் அதில் பட்டு வெந்து, மேல் கல்லின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டதாம். பிறகு மேல் கல்லும் ஆறிவிட்டது, அதற்குப்பின் அடியால் போன எதுவும் அப்படி வேகவில்லை. ஆகையால் பச்சைக் கல்லுக்கு அடியில் வெந்த கல் ஒட்டியிருந்தால், அது தொடங்கின காலத்தின் அடையாளம். பச்சைக்குக் கிட்ட நன்றாக வெந்திருக்கும், கீழே போகப் போக வேக்காடு குறையும்.

எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. நாங்கள் வீட்டில் கேக் சுடுவது தாச்சியில்தான். மூடிக்கு மேல் சிரட்டைத் தணல் போடுவோம். அடுப்பில் நெருப்புக் குறைத்து மூடியில் தணல் கூட்டினால் மேல்தோல் கறுக்கும், அடி வெளிறிக் கிடக்கும்.

"மேல்நெருப்பு எண்டு சொல்லுங்கோ," என்றேன்.

கிளாக்கர் சொல்லாமல் இருக்கப் பார்த்தார். துரை அவரைப் பிடித்துக் கேட்டுவிட்டார். கேட்டதும் மேசையில் தட்டிச் சிரித்து, என்னைப் பார்த்து இரண்டு தரம் தலையாட்டினார். கீழ்நெருப்பு எங்கேயும் நடக்குமாம், அடியிலிருந்து சூடான கல் எழும்பி மேலே இருப்பதைச் சுடுவது புதினம் இல்லையாம். மேல்நெருப்பு இப்படித் தொடங்கின இடத்தில்தான். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்தவராம். பிறகு பாண் துண்டுகளை அடுக்கி, அடுக்கை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டினார். கல் எடுத்த தீவின் தெற்கு முனையில் கல் அடுக்கெல்லாம் கிழக்கே சரிந்து இறங்குவதைக் கப்பலிலிருந்து தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் படமாய்க் கீறி வைத்திருந்தார்.

கப்பலிலிருந்துதான் பார்த்தார், இறங்கிப் பார்க்கவில்லை. அங்கேதான் எல்லாம் பிழையாய்ப் போனது. கணுக்கால் சுளுக்கி வீங்கிக் கிடந்ததால் தோணிக்காரரை அனுப்பினார். இறக்கக்கண்டி ஆள், வயது போன முஸ்லிம் மனிதர், தீவுக்குப் போகும் வழியில் கப்பல் இங்கே தொட்டபோது அந்தப் பயணத்துக்கென்று கூலிக்கு ஏறினவர். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிறபடி நான் அவரைக் காக்கா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். கப்பலில் சமைக்கிற குசினிக்காரன் தனக்குத் தெரிந்த அரைத் தமிழில் துரையின் கட்டளையைச் சொல்லியிருக்கிறான்: கல் மாறுகிற இடத்தில் ஒரு வெடிப்பு இருக்கும், அதற்கு மேலும் கீழும் நாலு நாலு துண்டு உடைத்துவா.

காக்கா கடைசிச் சாக்கை ஸ்டோரில் இறக்கும்போது என்னிடம் சொன்னது இது.

"மேல ஏறேலாது தங்கச்சி. செங்குத்து, பாசி வேற. நான் கரையோட நடந்தனான். வெடிப்பில ஒரு துண்டு, மேல்பக்கம் போய் நாலு, கீழ்ப்பக்கம் போய் நாலு. எல்லாத்திலயும் சீலை கட்டிக் கரியால எழுதியிருக்கு. நனைஞ்சு போச்சு, அழிய முதல் எழுதி எடு."

நான் எழுதி எடுத்தேன். நடு. மேல் ஒன்று, மேல் இரண்டு, மேல் மூன்று, மேல் நாலு. கீழ் ஒன்று தொடங்கிக் கீழ் நாலு. சீலையை அவிழ்த்த கையோடு அட்டையைக் கட்டினேன், ஒன்று முடித்துத்தான் மற்றதைத் தொட்டேன். ஒன்பது அட்டையும் முடியும்வரை காக்கா பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஊருக்குப் போய்விட்டார். கறுப்புக் கல் எல்லாம் மேல் என்றதில் இருந்தது, பச்சை எல்லாம் கீழ் என்றதில்.

எங்கள் கரையில் மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. கச்சான் காற்று வருகிற பக்கம் மேல், சூரியன் எழும்புகிற பக்கம் கீழ். கடலுக்குப் போகிறவனும் சொல்வான், காணி அளக்கிறவனும் சொல்வான். கிழக்கே சரிந்த அடுக்கில் கரையோடு மேற்கே நடந்தால் அடியில் உள்ளது ஒவ்வொன்றாய் வெளியே வரும். பாண் அடுக்கைச் சாய்த்து வைத்துப் பார்த்தவளுக்கு இது தெரியும். ஆக, மேல் என்று எழுதின கல்தான் அடிக்கல்.

கிளாக்கர் அட்டையைப் பார்த்து டைப் மெசினில் இங்கிலீசுப் பட்டியல் அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஐயா, மேல் எண்டதை என்னெண்டு போடுறீங்கள்?"

"மேல் எண்டா மேலதான். உயர."

"காக்கா மேல ஏறேல்லை ஐயா. மேல்பக்கம் நடந்தவர்."

"உங்கட மீன்வாடித் தமிழ் எனக்கு வேண்டாம். எழுதியிருக்கிறதைத்தான் நான் போடுவன்."

"எழுதினது நான்தானே."

"அப்ப நீங்களே இங்கிலீசிலயும் அடியுங்கோவன்," என்று மெசினை என் பக்கம் திருப்பிவிட்டுச் சிரித்தார். வாசலில் நின்ற கூலியாட்களும் சிரித்தார்கள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். போயிருக்கக் கூடாது. நேரே துரையிடம் போய்க் கையைக் காலைக் காட்டியாவது சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு காரியத்துக்கு என்மேல் எனக்கே கோபம் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்துத் துரை பட்டியலையும் கல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெந்த கல் மேலே, பச்சைக் கல் கீழே. கதிரையில் இருந்தபடி பட்டியலைக் கல்லோடு திரும்பவும் ஒப்பிட்டார். பிறகு எழும்பி ஏதோ உரக்கக் கேட்டார். ஒன்று அவர் நினைத்தது முழுவதும் பிழை, இல்லாவிட்டால் கல் மாறிப்போயிருக்கிறது. கிளாக்கர் நாடியை நீட்டி என்னைக் காட்டினார். இங்கிலீசு தெரியாதவளுக்கும் அந்த நாடி விளங்கும்.

மறுநாள் காலை மேசையில் ஒரு கடிதமும் மை தடவின தட்டும் இருந்தன.

"விரலை வையுங்கோ அக்கா," என்றார் கிளாக்கர். அன்றைக்குத்தான் முதன்முதல் அக்கா என்றார்.

"எனக்குக் கையெழுத்து வரும். என்ன எழுதியிருக்கு?"

"ஒண்டுமில்லை. வேலையைப் பற்றி."

கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். துரை அங்கால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் உரக்கவே எழுத்துக்கூட்டினேன். "க-வ-ன-க்-கு-றை-வா-ல்." கிளாக்கர் மணிக்கூட்டைப் பார்த்தார். பார்க்கட்டும். "க-ற்-க-ளை-க்..." அடுத்த சொல்லுக்கு வந்தபோது என் வாயே அதைச் சொல்ல மறுத்தது. கலந்துவிட்டேன் என்று எழுதியிருந்தது. செய்தது நான் என்று என் வாயால் சொல்வதுபோல அவர் எழுதியிருந்தார்.

"இது பொய்."

"கோவிக்காதேங்கோ. படிக்காத ஆட்களுக்கு நடக்கிறதுதான். கையெழுத்து வைச்சால் துரை மன்னிச்சு வேலையில வைச்சிருப்பார்."

"நான் செய்யாததுக்கு அவர் என்னத்தை மன்னிக்கிறது? மன்னிப்பை நீங்கள் வைச்சிருங்கோ. உங்களுக்குத் தேவைப்படும்."

மைத் தட்டை மூடிவைத்துவிட்டு எழும்பி வந்தேன். வீட்டுக்கு வந்து சேர முதலே பேர் வந்து சேர்ந்துவிட்டது. கிளாக்கரின் மச்சாள் எங்கள் ஒழுங்கையில் இருந்தாள். பாம்புக்கல் கேட்ட அதே பக்கத்து வீட்டுக்காரி, எனக்குக் கேட்கவேண்டும் என்றே, "கல்லையே கலந்தவள் வீட்டில அரிசியும் பருப்பும் என்ன பாடோ" என்றாள். அவளுடைய பிள்ளைகள் அதைப் பாட்டாகவே பாடின. எத்தனையோ வருசம் ஒரு சட்டையை மாற்றிக் கொடுக்காத கை இது. அந்தக் கைக்கு ஒரு பகலில் இந்தப் பேர்.

அடுத்தநாள் விடிய நிலாவெளி பஸ் எடுத்து, அது நின்ற இடத்திலிருந்து இறக்கக்கண்டிக்கு நடந்தேன். காக்கா கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"காக்கா, மேல் எண்டு எழுதினீங்களே, அது எந்தப் பக்கம்?"

"இதென்ன கேள்வி? கச்சான் வாற பக்கம்." கையை நீட்டித் தென்னைகளுக்குப் பின்னால் காட்டினார். "ஏன், மேற்கை ஆரும் தூக்கிக்கொண்டு போயிட்டாங்களோ?"

"கிளாக்கர் தூக்கி ஆகாசத்தில வைச்சிட்டார்."

நடந்ததைச் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "படிச்ச மனிசன் அப்ப மேல்காத்து வந்தால் குடையைப் பிடிப்பானோ?" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு, "இரு தங்கச்சி, சட்டை போட்டுக்கொண்டு வாறன்," என்றார்.

ஸ்டோருக்கு நாங்கள் வந்து சேரப் பின்னேரமாகிவிட்டது. வழியில் அரை றாத்தல் பாண் வாங்கி வெட்டுவித்துக்கொண்டேன். கிளாக்கர் வாசலில் மறித்தார்.

"உங்களை ஆர் வரச்சொன்னது?"

"உங்களோட கதைக்க வரேல்லை தம்பி. தள்ளுங்கோ."

துரையின் மேசையில் பாண் துண்டுகளை அடுக்கி, அவர் செய்ததுபோலவே கிழக்குப் பக்கம் சாய்த்தேன். ஒன்பது கல்லையும் அட்டையோடு எடுத்து வந்தேன். நடு என்றதை நடுவில் வைத்தேன். மேல் ஒன்று என்ற அட்டையைத் துரையின் கண்ணுக்கு நேரே பிடித்து, மற்றக் கையால் வாசலைக் காட்டினேன். கிண்ணியாப் பக்கம் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. காக்காவும் கையை நீட்டி அந்த வெயிலையே காட்டினார். பிறகு கரையோடு நடப்பதுபோல மேசையில் இரண்டு விரலை நடத்திக் காட்டினார். மேலே ஏற ஏலாது என்பதற்குச் சுவரில் கை வைத்து வழுக்கிக் காட்டினார்.

துரை அட்டையைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். தான் கீறின படத்தை எடுத்துப் பார்த்தார். சாய்ந்த பாண் அடுக்கில் விரலை வைத்து மேற்கே இழுத்துக்கொண்டு போனார். விரல் அடித்துண்டில் போய் நின்றது. கிளாக்கரைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார், ஒரே ஒரு கேள்வி. கிளாக்கர் மெல்ல, "ஓம்... அப்படியும் ஒரு பொருள் இருக்கு," என்று முதலில் தமிழில் எனக்கும் பிறகு இங்கிலீசில் அவருக்கும் சொன்னார்.

துரைக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல ஏலாது. மேல்நெருப்புத்தான். பச்சைக்கு அடியில் மாதுளைப் பொட்டுக் கல், அதற்கு அடியில் வேக்காடு குறைந்தது, அதற்கும் அடியில் இன்னும் குறைந்தது. கடல்தரை முதன்முதல் அடியில் போகத் தொடங்கின இடத்தின் கல் அது. அவர் சிரித்தார். காக்கா சிரித்தார். கிளாக்கரும் சேர்ந்து சிரித்து, "சின்ன மொழிபெயர்ப்புப் பிழை," என்றார். சின்னதாம். துரைக்கு அது அவ்வளவு பெரிய விசயம், எனக்கு அது என் பேர், அவருக்குச் சின்னது. நான் சிரிக்கவில்லை.

"அந்தக் கடிதம் எங்க?" என்றேன்.

எடுத்துத் தந்தார். துரைக்கு முன்னாலேயே அதை நாலாய்க் கிழித்து மைத் தட்டின்மேல் வைத்தேன். "எங்கட ஒழுங்கைக்கு வந்து, கலந்தது நான் இல்லை எண்டு உங்கட மச்சாளுக்கு முன்னால சொல்லவேணும்," என்றேன். "சரி அக்கா, சரி," என்றார். வரவில்லை. கடைசிவரைக்கும் வரவில்லை. கோயிலில் என்னைக் கண்டால் மற்ற வாசலால் போவார்.

அன்றைக்கே இன்னொன்று நடந்தது. பெட்டி மூட முதல் கிளாக்கர் புது அட்டைகள் கொண்டுவந்தார். குழப்பம் வராமல் எல்லாவற்றையும் இங்கிலீசில் அடித்து மாற்றிக் கட்டிவிடலாமாம், இந்தப் பழைய அட்டைகளைக் கழற்றிவிடலாமாம். துரையும் சரி என்பதுபோல நின்றார். நான் பெட்டியின்மேல் இரண்டு கையையும் வைத்தேன்.

"அட்டையில பிழை இல்லை. பட்டியலிலதான் பிழை. பிழையை மாத்துங்கோ, சரியை விடுங்கோ. இதைத் துரைக்குச் சொல்லுங்கோ. நான் சொன்னபடி சொல்லுங்கோ. ஒரு சொல் மாறினாலும் காக்கா இஞ்ச நிக்கிறார்."

காக்காவுக்கு இங்கிலீசு ஒரு சொல்லும் தெரியாது. கிளாக்கருக்கு அது ஞாபகம் வரவில்லை. சொன்னபடி சொன்னார். துரை என் கையைப் பார்த்தார், பிறகு புது அட்டைகளை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் வைத்தார். பட்டியலைக் கிளாக்கர் திரும்ப அடித்தார். அவர் முடிக்கும்வரைக்கும் நான் அந்தக் கதிரையில் இருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்தேன். நாளைக்கும் வரச்சொல்லிக் கேட்டார்கள். போகவில்லை.

கப்பல் போய்விட்டது. துரை அதைப்பற்றி எழுதியிருப்பார், அதில் என் பேர் இருக்காது, எனக்கு அது தேவையும் இல்லை. அந்தப் பெட்டி ஏதோ ஒரு ஊரில் ஒரு அலுமாரிக்குள் இருக்கும். கடலின் அடி எங்கே உடையத் தொடங்கியது என்று பார்க்க அதைத் திறக்கிறவன், கல்லைத் தொட முதல் என் எழுத்தைத்தான் தொட வேண்டும். கோணல் எழுத்துத்தான். வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு, மேல் என்றால் எந்தப் பக்கம் என்று கேட்டு வாசிக்கட்டும்.